பதினொன்றாம் நம்பர் வேகவில்லை

உங்கள் வீட்டில் பயறு வேகவைக்க எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள்? "நல்ல தண்ணிதான், வேற என்ன" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அந்தப் பதிலைத்தான் நானும் நம்பினேன். நம்பி, ஒரு பயறையே குழி தோண்டிப் புதைக்கப் பார்த்தேன்.

போன வாரம் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வந்தது. நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கும் பெண், பெயர் நிவேதா. "அக்கா, சமையல் ஃபார்ம்ல தண்ணி 1, தண்ணி 2ன்னு ரெண்டு கட்டம் இருக்கே, எதுக்கு? ஒரு தண்ணியோட விட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும். மேடத்தக் கேட்டா, ஜெனியக் கேளுன்னுட்டாங்க." அவளுக்கு டைப் பண்ண ஆரம்பித்த பதில்தான் இது. கொஞ்சம் நீண்டுவிட்டது.

நான் ரிட்டயர் ஆனவள். சிரிக்க வேண்டாம். வயது இருபத்தெட்டு. தட்டைப்பயறு ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் மூன்று வருட ஒப்பந்தம்; முடிந்தது; வெளியே வந்தேன். அதே மாதம் பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து என் அப்பாவும் ரிட்டயர் ஆனார். அவருக்கு மாலை, சால்வை, சுவர்க் கடிகாரம், குவார்ட்டர்ஸ் வாசல் வரை கொட்டு மேளம். எனக்கு ஒரு ஈமெயில். அதிலும் இனிஷியல் தப்பு. "ரெண்டு ரிட்டயர்டும் காபி குடிக்க வாங்க" என்று அம்மா இன்னமும் கூப்பிடுகிறாள்.

"எனக்கு முப்பத்தாறு வருஷ சர்வீஸ். உனக்கு?" என்று அப்பா வம்புக்கு இழுத்தார்.

"ஆறு சீசன்" என்றேன். பயிர்க்காரர்கள் அப்படித்தான் எண்ணுவார்கள்.

படித்த கதை இரண்டு வரிக்கு மேல் தேறாது. நாலு வருடம் வேளாண்மை, ரெண்டு வருடம் மேற்படிப்பு. புள்ளியியலில் எண்பத்தெட்டு மார்க். இந்த மார்க்கை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்ட வசதியாக இருக்கும்.

வேலை இதுதான். தட்டைப்பயறில் (ஸ்ரீரங்கம் போனால் அதன் பெயர் காராமணி) பன்னிரண்டு புது ரகங்கள். அவற்றுக்குப் பெயர் கிடையாது, நம்பர் மட்டும்தான். ஜெயித்த பிறகுதான் பெயர் சூட்டு விழா. கூடவே ஒரு செக் ரகம். செக் என்றால், ஏற்கனவே விவசாயிகள் கையில் இருக்கிற பழைய ரகம். புதிதாக வருகிற எவனும் அதைத் தாண்டிக் காட்ட வேண்டும். எங்கள் கேள்விகள் மூன்று: எவ்வளவு காய்க்கும்? நோய் தாங்குமா? வேகுமா?

முதல் கேள்விக்குத் தராசு இருக்கிறது. இரண்டாவதற்குக் கண் வேண்டும். தட்டைப்பயறின் பெரிய எதிரி தேமல். அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ். இலை முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகத் திட்டு விழும், அப்புறம் இலை சுருளும், அப்புறம் செடி குள்ளமாகி நிற்கும். பத்து நாளைக்கு ஒருமுறை வரிசைக்குப் பத்துச் செடி பார்த்து, பூஜ்யத்தில் இருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும். வெயில் நேராக விழும்போது பார்த்தால் நல்ல இலையும் மஞ்சளாகத் தெரியும். அதனால் சூரியனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, என் நிழலை இலைமேல் விழவைத்துப் பார்ப்பேன். ஒரு சீசனில் என் முதுகு மட்டும் தனி ரகமாகிவிட்டது.

இதையெல்லாம் வாங்கிப் பார்க்கிறவர் வசந்தா மேடம். நாற்பது வயதுகூட இருக்காது. ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வயலில் நடப்பார். கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஒரு காயைப் பிய்த்து, பச்சைப் பயறை வாயில் போட்டு மெல்லுவார். அவரிடம் போய் "பதினொண்ணு நல்லா இருக்கு மேடம்" என்று சொன்னால் மெல்லுவதை நிறுத்தாமல் கேட்பார்:

"எதை விட?"

அவ்வளவுதான். இரண்டே சொல். "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி மேடம்" என்றாலும் "எதை விட?" என்பார். ஒருமுறை கேன்டீனில் சாம்பார் மோசம் என்று நான் சொல்ல, எங்கள் டேபிளே ஒரே குரலில் "எதை விட?" என்றது. அவரும் சிரித்தார். ஆனால் பழக்கத்தை விடவில்லை.

மூன்றாவது கேள்வி, வேகுமா? லேபில் இதற்கு ஒரு முறை உண்டு. நூறு மணி எண்ணி, எட்டு மணி நேரம் ஊறப்போட்டு, கொதிக்கிற டிஸ்டில்டு வாட்டரில் கொட்டி, ஸ்டாப்வாட்ச்சை அமுக்கணும். இருபது நிமிடம் கழிந்ததும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பத்து மணியை வெளியே எடுத்துக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கணும். பத்தில் ஒன்பது, நடுவில் நறுக்கென்று எதுவும் தட்டாமல் நசுங்கினால், வெந்தது. விரல் சிவந்து போகும். லேபில் பதினொன்றாம் நம்பர் நாற்பது நிமிடத்தில் வெந்தது. செக் நாற்பத்தைந்து.

ஆனால் மேடத்துக்கு லேப் போதாது. "சாப்பிடப் போறது பீக்கர் இல்ல. வீட்டுல குடுங்க" என்றார். ஆறு வீடு பிடித்தோம். மூன்று ஸ்ரீரங்கத்தில், மூன்று மணப்பாறை தாண்டி ஒரு மானாவாரிக் கிராமத்தில். அந்தக் கிராமத்தில் சவரியம்மாள் அக்கா நிலத்தில்தான் எங்கள் வயல் சோதனையும் நடந்தது. எந்த வீட்டுக்கு எந்த ரகம் என்று பிளான் போட்டது நான். கடைசியாக அறுத்த ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை இன்னும் சவரியம்மாள் வீட்டு மாடியிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அதை மூட்டை கட்டித் திருச்சிக்குக் கொண்டுவந்து, திரும்ப எதற்கு மணப்பாறைக்குத் தூக்க வேண்டும்? அந்த நாலும் அங்கேயே இருக்கட்டும். ஒன்று முதல் எட்டும், செக்கும் ஸ்ரீரங்கத்துக்கு. செம பிளான் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். வீடுகளுக்கான கேள்வித்தாளில் ஒரு குறிப்பும் டைப் செய்து கொடுத்தேன்: "இரவு ஊறவைத்து, நல்ல தண்ணீரில் வேக வைக்கவும்."

எண்பத்தெட்டு மார்க்.

தாள்கள் திரும்பி வந்தன. கிராமத்து மூன்று வீட்டிலும் பதினொன்றுக்கு நேராக ஒரே பதில்: வேகவில்லை. சவரியம்மாள் கோணல் எழுத்தில் நேரத்தையும் எழுதியிருந்தார்: ஒண்ணேகால் மணி. மேடம் தாளைப் பார்த்தார். அன்று திங்கள்கிழமை.

"வெள்ளிக்கிழமை ரகத் தேர்வுக் கமிட்டி. பதினொண்ணை எடுத்துரலாம், ஜெனி."

"மேடம், தேமலுக்கு அதான் நின்னுச்சு. லேப்லயும் நாப்பது நிமிஷம்."

"மூணு வீட்டுலயும் வேகலங்கிறாங்க. வேகாத பயறை யாரு வாங்குவா?"

சரிதானே? பட்டியலில் இருந்து பதினொன்றை அடித்தேன். அன்று சாயங்காலம் சவரியம்மாள் போன் செய்தார்.

"பாப்பா, பதினொண்ணு வெதை எப்பத் தருவீங்க? ஆடிக்குள்ள வேணும்."

"அக்கா, அது வராதுக்கா. லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டாங்க. வேகலன்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமா. வேகல. வேகலயான்னு கேட்டீங்க, வேகலன்னேன். பொய் எழுதச் சொல்றீங்களா?"

"அப்படி இல்லக்கா."

"ரெண்டு வருசமா தேமலு, பாப்பா. காயும் இல்ல, மாட்டுக்குக் கொடியும் இல்ல. எல்லாம் அம்மை போட்ட மாதிரி நின்னப்ப, உங்க பதினொண்ணு ஒண்ணுதான் கரும்பச்சையா நின்னுச்சு. செங்கல் சூளைக்காரன் மண்ணு எடுக்கக் கேட்டு வந்தான். பதினொண்ண நம்பி இல்லன்னு அனுப்பிட்டேன். மேல் மண்ணு போச்சுன்னா அப்புறம் அது நெலமா? அறுக்குறப்பவே ஒரு படி ஒளிச்சு வெச்சிருக்கலாம். கேக்காம எடுக்கக் கூடாதுன்னு இருந்தேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

போனை வைத்த பிறகு எனக்குக் குற்ற உணர்ச்சி வந்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். வந்தது அரிப்பு. ஒரே மூட்டைப் பயறு லேபில் நாற்பது நிமிடம், அங்கே எழுபத்தைந்து நிமிடம். எப்படி?

செவ்வாய்க்கிழமை முழுக்க அதுதான் வேலை. சூட்டில் கிடந்த பழைய பயறு கல்லாகும், உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே மூட்டை, ஒரே வாரம். நம்பர் அட்டை மாறியிருக்குமோ? பதினொன்று செம்மண் நிறத்தில் கறுப்புக் கண்ணோடு இருக்கும். வேறு எதோடும் குழம்பாது. ஊறவைத்தது பற்றாதா? போன் போட்டுக் கேட்டேன், சாயங்காலம் ஊறப்போட்டுக் காலையில்தான் வைத்திருக்கிறார். விறகு அடுப்பு? கொதிக்கிற தண்ணீர் விறகில் கொதித்தால் என்ன, கேஸில் கொதித்தால் என்ன. எல்லாக் கதவும் அடைத்துக்கொண்டது. புதன்கிழமை காலை ஸ்டாப்வாட்ச்சை எடுத்துக்கொண்டு மணப்பாறை பஸ் ஏறினேன்.

சவரியம்மாள், நான் போனில் சொன்னபடி, சமைக்கக் கொடுத்ததில் மிஞ்சிய பதினொன்றை ராத்திரியே ஊறப்போட்டு, அடுப்பைப் பற்றவைத்துத் தயாராக இருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கொதித்தது, கொட்டினோம், அமுக்கினேன். இருபது நிமிடம். நாற்பது நிமிடம். நசுக்கினால் நடுவில் நறுக்கென்று தட்டுகிறது. ஐம்பது. அதேதான்.

"பாப்பா வெரலு வெந்துரும், பயறு வேகாது" என்றாள் ஒருத்தி.

"அக்கா, இது மட்டும் ஏன்க்கா இப்படி?"

"இது மட்டுமா?" சவரியம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எங்க ஊருல எதுதான் சுருக்க வெந்துச்சு? துவரம்பருப்பே ஒரு மணி நேரம். ஒம்பது, பத்து, பன்னெண்டும் குடுத்தீங்களே, அது என்ன வெந்துச்சாக்கும்?"

என் பையில் அந்தத் தாள்களும் இருந்தன. ஒன்பது, பத்து, பன்னிரண்டு மூன்றும் தேமலில் ஏற்கனவே அவுட். தோற்றவன் பேப்பரை யார் திருப்பிப் பார்ப்பார்கள்? நடுமுற்றத்தில் உட்கார்ந்து அப்போதுதான் பிரித்தேன். வேகவில்லை. வேகவில்லை. வேகவில்லை.

"அக்கா, நல்ல தண்ணிலதான வைக்கிறீங்க?"

"நல்ல தண்ணிதான். மேக்கால இருக்குற போரு."

ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தேன். நாக்கு சுண்ணாம்பு தடவினாற்போல வறண்டது. அடுப்பில் இருந்த பானையின் உள் விளிம்பைப் பார்த்தேன். வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"இதுவாக்கா நல்ல தண்ணி?"

"இதான் நல்லது. கெழக்கால போரு வாயில வைக்க முடியாது. அது மாட்டுக்கு."

எதை விட? ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வருகிற அந்தக் குரல் எனக்குப் பக்கத்தில் கேட்டது. ஸ்ரீரங்கத்தில் நல்ல தண்ணி என்றால் காவிரி. அங்கே குழாயைத் திறந்தால் வருவது அதுதான். இங்கே நல்ல தண்ணி என்றால், மாட்டுக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் பரவாயில்லாத போர் தண்ணீர். நான் டைப் செய்தது ஒரே சொல். ஆறு வீட்டிலும் நேர்மையாக அதன்படிதான் செய்திருக்கிறார்கள். சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் பயறு லேசில் வேகாது என்பது எந்தச் சமையல்கட்டுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, காவிரியில் வெந்த எட்டையும் போரில் வெந்த நாலையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடப் பிளான் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவுகோலான செக் ரகத்தை இந்த ஊருக்கு அனுப்பவே இல்லை. மூட்டை தூக்கச் சோம்பல்பட்டுத்தான்.

பயறு எழுபத்து நாலாவது நிமிடத்தில் வெந்தது. மேற்குப் போர் தண்ணீரை இருபது லிட்டர் கேனில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் கண்டக்டர் கேனைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"என்னம்மா இது, எண்ணெயா?"

"தண்ணிங்க."

"எங்கேர்ந்து?"

"இந்த ஊரு போர் தண்ணி. ஸ்ரீரங்கத்துக்கு."

அவர் டிக்கெட் கிழிப்பதையே நிறுத்திவிட்டார். "காவேரிக் கரைக்குப் போர் தண்ணி கொண்டுட்டுப் போற மொத ஆளு நீதாம்மா. எறங்கறப்ப யார்ட்டயும் சொல்லிடாத." பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறு வழி?

வியாழக்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் வைதேகி மாமி வீடு. எங்கள் ஆறு வீட்டில் ஒன்று. மாமி வீட்டில் கணக்கு டியூஷன் எடுப்பவர். எண் என்றால் கண் மின்னும். நாலு அடுப்பு, நாலு பாத்திரம். செக்கும் பதினொன்றும், ஒவ்வொன்றும் காவிரியில் ஒன்று, போரில் ஒன்று. முந்தின நாளே போன் செய்து, கேனையும் கொண்டுபோய் வைத்து, அந்தந்தத் தண்ணீரிலேயே ஊறப்போடச் சொல்லியிருந்தேன். மாமி போர் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"ஏன்டி ஜெனி, இந்த ஜலத்துல நான் பத்துப் பாத்திரம்கூடத் தேய்க்க மாட்டேன். பயறைப் போட்டு வேகுமான்னு பாக்கறயே!"

"இன்னிக்கு ஒரு நாள் மாமி."

"ஆகட்டும். நேரத்தை நான்தான் எழுதுவேன்."

காவிரியில் பதினொன்றுக்கு முப்பத்தெட்டு நிமிடம், செக்குக்கு நாற்பத்து நாலு. போரில் பதினொன்றுக்கு எழுபத்திரண்டு. செக் தொண்ணூறு தாண்டியும் நறுக்கென்றது; மாமி கேஸை அணைத்துவிட்டார். ஆக, பதினொன்று வேகாத பயறு இல்லை. அந்த ஊர்த் தண்ணீரில் செக்கை விட அதுதான் வேகமாக வெந்திருக்கிறது. நான் குதித்தேன்.

"குதிக்காதே. இங்க வந்து பாரு" என்றார் மாமி.

காவிரித் தண்ணீரில் வெந்த பதினொன்று தோல் வெடித்துக் குழைந்து கிடந்தது. போர் தண்ணீரில் வெந்தது முழு மணியாக, தோல் பளபளவென்று இருந்தது.

"வறுத்து நோன்பு அடைல போட்டா இந்தக் குழைசல் தெரியாது. ஆனா சுண்டல்னு இதைப் பெருமாள் முன்னாடி வெக்க முடியுமோ? கூழாட்டம் இருக்கு. அந்த உப்பு ஜலத்துல வெந்ததுதான் லட்சணமா இருக்கு. கலிகாலம்டி."

எந்தச் சுண்ணாம்பு பயறை வேகவிடாமல் இழுத்தடிக்கிறதோ, அதுவேதான் தோலையும் வெடிக்காமல் பிடித்து வைக்கிறது. எனக்கு வேண்டிய பதில் ஒன்று. கிடைத்தது இரண்டு, அதுவும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு.

மத்தியானம் மேடத்திடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஹெல்மெட்டை மேசைமேல் வைத்தார். அவர் தலையை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.

"செக் அந்த ஊருக்குப் போகவே இல்லையா?"

"இல்ல மேடம். நான்தான் பிரிச்சேன். தப்பு என்னுது."

"பிளான்ல கையெழுத்து யாருது?"

"...உங்களுது."

"ம்." மாமி எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நாலு பாத்திரம் வெச்சு ஒரு ரகத்தை ஜெயிக்க வைக்க முடியாது, ஜெனி. தோக்க வைக்கவும் முடியாது. அதை மட்டும்தான் நாளைக்குச் சொல்லப் போறேன்."

வெள்ளிக்கிழமை கமிட்டியில் அப்படியே சொன்னார். ஒப்பீடு தவறாக நடந்துவிட்டது, வடிவமைப்பு எங்கள் பிழை என்று முதல் வரியிலேயே போட்டு உடைத்தார். பெரியவர் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. ஒரே வார்த்தைல சொல்லுங்க. பதினொண்ணு நல்லா வேகுமா, வேகாதா?"

"எந்தத் தண்ணில சார்?" என்றார் மேடம்.

யாரோ இருமினார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் சண்டை. முடிவு: பதினொன்றுக்கு இன்னும் ஒரு சீசன். இனி எல்லா ரகமும், செக்கோடு சேர்ந்து, இரண்டு தண்ணீரிலும் வேக வேண்டும். வயல் சோதனைக்கு மறுபடி சவரியம்மாள் நிலம்தான். இந்தத் தடவை பாதி நிலத்துக்குப் பதினொன்று, ஓரத்தில் செக். மறுபடி வந்த சூளைக்காரருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று போனில் கேட்டேன். "அடுத்த வருசம் வான்னுருக்கேன். வரவிடாம பாத்துக்கறது உங்க பதினொண்ணு கையில இருக்கு" என்றார்.

வெளியே வந்ததும் மேடத்திடம் கேட்டேன், "நல்லபடியா முடிஞ்சுதுல்ல மேடம்?"

என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

விதைப்பதற்கு முன்னாலேயே என் ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அதனால் நிவேதா, இரண்டு கட்டத்தையும் நிரப்பு. தண்ணி 1 எந்த ஊர், எந்தக் குழாய் என்று எழுது. தண்ணி 2 எந்தப் போர், கிழக்கா மேற்கா என்றும் எழுது. "நல்ல தண்ணி" என்று மட்டும் எழுதாதே.

இன்று காலை அவள் சவரியம்மாள் வயலில் இருந்து ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். விதைத்து முப்பத்தேழாம் நாள். ஓரத்துச் செக் வரிசையில் தேமல் விழுந்துவிட்டது. பதினொன்றில் இன்னும் இல்லை.